முன் ஃபோர்க் வேலை: பட்டறைகளில் எழுத்துப்பதிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் இருசக்கர வாகன ஓட்டிகளுக்கான அறிவுரைகள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. டயரின் தேய்மானம், பிரேக், சங்கிலி, பேட்டரி, விளக்கு என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அந்த அறிவுரைகளில் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கிப் பிடித்து அதிர்வைத் தணிக்கும் குழாய்களான முன் ஃபோர்க் மட்டும் ஏனோ இடம்பெறுவதில்லை. இருசக்கர வாகன உதிரிபாகத் தொழிலில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், சென்னையின் பட்டறைகளில் மிக அலட்சியமாகக் கையாளப்படும் பாகம் இதுதான் என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஃபோர்க் என்பது சொகுசுக்கான பாகம் என்ற எண்ணமே இந்த அலட்சியத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். பள்ளத்தில் இறங்கும்போது கை வலிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று பலரும் கருதுகிறார்கள். உண்மையில், வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த இரண்டு குழாய்களை நம்பித்தான் நடக்கின்றன. முன் பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்சக்கரத்தின்மேல் சாய்கின்றன. அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு டயரைச் சாலையோடு ஒட்டியே வைத்திருக்க வேண்டியது ஃபோர்க்கின் வேலை. உள்ளே எண்ணெய் குறைந்துபோன ஃபோர்க், பிரேக் பிடித்த கணத்திலேயே முழுவதும் அமுங்கிவிடும். அதன்பின் சாலையில் வரும் சிறு மேடுகூட டயரைத் தரையிலிருந்து எழுப்பிவிடப் போதுமானது. தரையைத் தொடாத டயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2018, 2019 ஆண்டுகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டதை நாம் வரவேற்றோம். ஆனால் துள்ளிக்கொண்டிருக்கும் சக்கரத்தை வைத்துக்கொண்டு எந்த ஏ.பி.எஸ். அமைப்பாலும் வண்டியைக் குறைந்த தொலைவில் நிறுத்த முடியாது.

இதன் அமைப்பு ஒன்றும் புதிரானதன்று. 1935-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர்12 வண்டியில் எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் குழாய் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. இன்று நம் தெருவில் ஓடும் சாதாரண நூறு சி.சி. வண்டியிலும் அடிப்படை அதுவே. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்குகிறது, உள்ளே ஒரு ஸ்பிரிங் சுமையைத் தாங்குகிறது, எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கிச் செல்வதால் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. 1955-இல் என்பீல்டு இந்தியா தொடங்கப்பட்ட காலந்தொட்டு புல்லட்டையும் அதன் ஃபோர்க்கையும் அறிந்த நகரம் இது. அறியாமை என்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை.

சென்னைச் சாலைகள் இந்தப் பாகத்தை எப்படிச் சோதிக்கின்றன என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காக வெட்டியும் மூடியும் கிடந்த ஆற்காடு சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் நாள்தோறும் சென்று வந்தவர்களுக்கு அது தெரியும். வேகத்தடைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இந்திய சாலைக் காங்கிரசின் விதிமுறைப்படி வட்டவடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்ச்சியின்றிக் கடப்பதற்கான அளவு அது. நம் உட்தெருக்களில் ஓர் அடி, ஒன்றரை அடி அகலத்தில் அதே உயரத்துக்குத் தார் கொட்டி வைத்திருப்பதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஃபோர்க் அடித்தட்டு வரை சென்று மோதுகிறது. போதாதற்கு, திருவான்மியூர், பட்டினப்பாக்கம், ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று குரோமியப் பூச்சின் நுண்ணிய கீறல்களில் புகுந்து குழாயில் துருப்புள்ளிகளை உண்டாக்குகிறது.

அந்தத் துருப்புள்ளிகளில் இருந்துதான் நம் பட்டறைகளில் நடக்கும் முதல் தவறு தொடங்குகிறது. ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் உடனே, எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்றுகிறார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் கசிகிறது. சீல் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொரு சீல் போடுகிறார்கள். சீலின் உதடு உரசும் இடத்தில் குழாய் அரித்துப்போயிருந்தால் எந்த சீலும் நிற்காது. விரல் நகத்தைக் குழாயின்மேல் மெல்ல ஓட்டிப் பார்த்து, நகம் தட்டும் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று கவனிக்க அரை நிமிடம்கூட ஆகாது. மாறாக, குழாய் நன்றாகவே இருந்து, சீலின் உதட்டுக்கடியில் மணலோ சேறோ சிக்கியதால் மட்டும் கசிவதும் உண்டு. அப்போது தூசியைத் தடுக்கும் வெளி வளையமான டஸ்ட் சீலை அதன் இடத்திலிருந்து விலக்கி, விளிம்பு மழுங்கிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சீலுக்குள் செருகிச் சுற்றி அழுக்கை வெளியேற்றினாலே கசிவு நின்றுவிடக்கூடும். இதைச் செய்துபார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் மெக்கானிக்கை நான் மதிக்கிறேன். அவருக்கு அதில் வருமானம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கசிவை ஒத்திப்போடுவதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். வழியும் எண்ணெய் நேரே கீழிறங்கி டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படியும். இப்போது பரவலாகிவரும், தடித்த குழாய் மேலேயும் மெல்லிய குழாய் கீழேயும் அமைந்த தலைகீழ் ஃபோர்க்குகளில் சீல் கீழ்நோக்கியே அமைந்திருப்பதால் அங்கே கசிவு இன்னும் விரைவாகப் பிரேக்கை எட்டுகிறது. டிஸ்க்கைப் பிரேக் கிளீனர் கொண்டு துடைத்துவிடலாம். எண்ணெய் ஊறிய பேடை எமரித்தாளில் தேய்த்தோ நெருப்பில் காட்டியோ மீண்டும் மாட்டுவது கூடாது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது எண்ணெய். ஃபோர்க்குக்கென்று தனி எண்ணெய் இருக்க, எஞ்சினுக்கு ஊற்றியதில் மீந்ததை ஊற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தயாரிப்பாளர் சொன்ன தரம் எதுவோ அதையே ஊற்ற வேண்டும் என்பது எளிய விதி. ஆனால் இங்கே ஒரு தவறான நம்பிக்கையும் கலந்திருக்கிறது: முன்பக்கம் அதிகம் அமுங்குகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், கெட்டியான எண்ணெயை ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் எவ்வளவு ஆழம் அமுங்கும் என்பதைத் தீர்மானிப்பவை ஸ்பிரிங்கும், எண்ணெய்க்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும்தான். கெட்டி எண்ணெய் அந்த அமுக்கத்தைத் தாமதப்படுத்துமே தவிரக் குறைக்காது. அதோடு, சாதாரண ஃபோர்க்கில் எண்ணெய் நிலையான துளைகள் வழியே செல்வதால், அமுங்கும் வேகம் இரு மடங்கானால் துளை தரும் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே மெதுவான அசைவில் ஒன்றும் தெரியாத கெட்டி எண்ணெய், கூரான பள்ளத்தில் விழும்போது குழாயைக் கட்டைபோல் விறைக்கச் செய்து அந்த அடியை அப்படியே கைப்பிடிக்கும், ஸ்டீரிங் சுழலும் பேரிங்கான கோன் செட்டுக்கும் அனுப்பிவிடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். அதன் தளர்வை நீளத்தை அளந்தே கண்டுபிடித்துவிடலாம். குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்பது பட்டறைக் கையேட்டில் உண்டு.

எண்ணெயின் அளவும் தரத்துக்குக் குறையாத முக்கியத்துவம் உடையது. சிறிய வண்டிகளில் ஒரு காலுக்கு 200 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே எண்ணெய் பிடிக்கும். அதில் 20 மில்லிலிட்டர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் என்னவென்று பார்த்துக்கொள்ளலாம். அதிகம் ஊற்றினால் மேலே காற்றுக்கான இடம் சுருங்கி, ஃபோர்க் முழுவதும் அமுங்கும் தருணத்தில் அழுத்தம் எகிறி சீலை வெளியே தள்ளிவிடும். இரு கால்களிலும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயைப் பலமுறை மேலும் கீழும் அசைத்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, சிறிது நேரம் நிறுத்திவைத்து, பின் முழுவதும் அமுக்கிய நிலையில் குழாயின் மேல்விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை அளப்பதே சரியான முறை. கண்மதிப்பில் குவளையால் ஊற்றுவது முறையன்று.

விபத்தில் வளைந்த ஃபோர்க் குழாயைப் பற்றி எழுதாமல் இக்கடிதத்தை முடிக்க இயலாது. லேத் பட்டறையில் அழுத்திப் ‘பெண்டு எடுத்து’ மறுபடி மாட்டுவது இந்நகரில் அன்றாட நிகழ்ச்சி. புதிய குழாயின் விலையில் சிறு பகுதியே அதற்குச் செலவாகிறது என்பதால் உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் அதை நாடுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒருமுறை வளைந்து நிமிர்ந்த எஃகு, பார்வைக்கு நேராக இருந்தாலும், வளைந்த இடத்தில் தன் பலத்தை இழந்திருக்கும். மேலே உள்ள குரோமியப் பூச்சு மயிரிழை விரிசல் கண்டிருக்கும். அந்த வளைவு பெரும்பாலும், இரு குழாய்களையும் ஸ்டீரிங்கோடு இணைக்கும் குறுக்குப் பிடியான ‘டி’யின் கீழ்ப்பகுதிக்கு அருகே, அதாவது பிரேக் பிடிக்கும்போது அதிகச் சுமை விழும் இடத்திலேயே ஏற்படுகிறது. வளைந்ததா இல்லையா என்ற ஐயமே எழுந்தால், குழாயை இரண்டு வி-கட்டைகளின்மேல் கிடத்தி, நுண்ணிய அசைவையும் அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்க்கலாம். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் காட்டும் குழாயைக் கழித்துவிட வேண்டும் என்று சில தயாரிப்பாளர்களின் பட்டறைக் கையேடுகள் சொல்கின்றன. வளைவு உறுதியானால் மாற்றுவது ஒன்றே வழி. இதில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்க மாட்டேன்.

வீட்டு வாசலிலேயே ஃபோர்க்கைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வலர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். கற்றுக்கொள்வதை நான் வரவேற்கிறேன், ஆனால் சில ஆபத்துகளை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். சைட் ஸ்டாண்டில் சாய்த்து வைத்து முன்சக்கரத்தைக் கழற்றக் கூடாது. மெயின் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கடியில் மரக்கட்டையோடு ஜாக்கி கொடுத்து, வண்டி முன்னோக்கிச் சாயாது என்று உறுதிசெய்த பின்பே தொட வேண்டும். குழாயின் மேல்மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கிறது. குழாய் இன்னும் ‘டி’யில் பிடிபட்டிருக்கும்போதே மேல் பிடியின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு மூடியைச் சற்று இளக்கிக்கொள்ள வேண்டும், முழுவதும் கழற்றும்போது முகத்தை மூடிக்கு நேரே வைத்திருக்கக் கூடாது, கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், கடைசிப் புரிகளில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே திருக வேண்டும். பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பிரேக் காலிப்பரை அதன் குழலில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். டிஸ்க் இல்லாதபோது யாரும் பிரேக் லீவரைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வண்டியைச் சுற்றி நிற்கும் நம் தெருக்களில் இது சாதாரணமாக நடக்கும். வழுக்கும் குழாயை வைஸில் வெறுமனே இறுக்கினால் அது நசுங்கும். சீலை ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டி இறக்கினால் புதிய சீலே கிழியும். சரியான விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

மீண்டும் பூட்டும்போது வரிசை முக்கியம். முன்சக்கர அச்சான ஆக்சிலின் நட்டை இறுக்கிய பிறகு, அதன் அடிப்பிடி போல்ட்டுகளை இறுக்கும் முன், வண்டியைத் தரையில் நிறுத்தி முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைப் பலமுறை அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் இரு கால்களும் இணையாக அமர்ந்துகொள்ளும். இதைச் செய்யாமல் இறுக்கிய ஃபோர்க் ஏறி இறங்கும்போது சிக்கிச் சிக்கித்தான் இயங்கும், அதற்கும் எண்ணெயையே குறை சொல்வார்கள். எல்லா போல்ட்டுகளும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்கப்பட வேண்டும். கடைசியாக, வண்டியை நகர்த்தும் முன், லீவர் கெட்டியாகும்வரை பிரேக்கைப் பலமுறை அடிக்க வேண்டும். காலிப்பரின் பிஸ்டன்கள் பின்வாங்கியிருக்கும் நிலையில் முதல் பிடி வெறுமையாகப் போய்விடும். தெருமுனையில் பேருந்து நிற்கும்போது அதைக் கண்டுபிடிப்பது நல்லதன்று.

இனி, மாற்றி அமைக்கும் மோகம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரிபாகங்களும் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களும் கிடைக்கும் நகரம் இது. பெரிய வண்டியின் தலைகீழ் ஃபோர்க்கைச் சின்ன வண்டியில் பொருத்தித் தர ஆள் தேடுவதும் கடினமில்லை. எடைக்கேற்ற ஸ்பிரிங், நல்ல எண்ணெய், குழாய்களுக்கிடையே தேய்ந்துபோன புஷ் வளையத்துக்குப் பதில் புதியது, புதிய கோன் செட் ஆகியவற்றுக்குச் செலவிடுவதை நான் உண்மையான மேம்பாடு என்பேன். ஓட்டுபவர் அமர்ந்ததும் ஃபோர்க் தன் மொத்த ஓட்டத்தில், அதாவது ஏறி இறங்கும் தொலைவில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கி நிற்க வேண்டும். 130 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள வண்டியில் அது 40 மில்லிமீட்டரை ஒட்டி வரும். குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி இதை யாரும் அளந்துகொள்ளலாம். அந்த அளவு வரவில்லையென்றால் ஸ்பிரிங்கையோ அதன்மேலுள்ள ஸ்பேசரையோ மாற்றலாம். ஆனால் கண்டபடி வாஷர்களை அடுக்கினால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் நிலை வந்து, ஓட்டம் பாதியிலேயே நின்றுவிடும்.

முழு ஃபோர்க்கையும் மாற்றுவது வேறு கதை. ஸ்டீரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையைத் தொடுகிறது. அந்த இடைவெளிதான் வண்டி தானாக நேரே ஓடக் காரணம். ஃபோர்க்கின் நீளமும் ‘டி’யின் முன்தள்ளலும் மாறினால் அந்த இடைவெளி மாறும். 1,400 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியுள்ள வண்டியின் முன்பக்கம் 10 மில்லிமீட்டர் இறங்கினாலே ஸ்டீரிங் சாய்வு சுமார் 0.4 பாகை நிமிர்ந்துவிடும். 30, 40 மில்லிமீட்டர் வித்தியாசமுள்ள ஃபோர்க்கைக் கண்மூடிப் பொருத்தினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமெடுக்கும்போது கைப்பிடி உதறத் தொடங்கலாம், அல்லது திருப்பத்தில் வண்டி திரும்ப மறுக்கலாம். வண்டியின் ஃபிரேமோடு அளவு பொருந்தாததால் வெல்டிங் வைத்து ‘டி’யை நீட்டுவதையும், குழாயின் தலையில் நீட்டிப்புத் துண்டு திருகுவதையும் நான் கண்டிருக்கிறேன். ஏ.பி.எஸ். சென்சாருக்கும் அதன் பல் வளையத்துக்கும் இடையிலான இடைவெளி மாறி எச்சரிக்கை விளக்கு எரிந்தால், விளக்கின் இணைப்பையே துண்டித்துவிடுவது அதைவிட மோசம்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் சாலையோரச் சோதனையில் சத்தமிடும் சைலன்சர்தான் கண்ணில் படுகிறது. வெல்டிங் வைத்த ‘டி’ ஒருபோதும் அகப்படுவதில்லை.

என் கோரிக்கைகள் மூன்றே. முதலாவது தயாரிப்பாளர்களுக்கு. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருசக்கர வாகனங்கள் உருவாகும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறோம்; ஆனால் நான் புரட்டிப் பார்த்த உரிமையாளர் கையேடுகளில் முன் ஃபோர்க்குக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே அபூர்வம். எண்ணெயின் தரம், ஒரு காலுக்கான அளவு, மட்டம், மாற்றவேண்டிய கிலோமீட்டர், முக்கிய போல்ட்டுகளின் இறுக்க அளவு ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வண்டியோடு தர வேண்டும். இரண்டாவது பட்டறைகளுக்கு, அங்கீகாரம் பெற்றவற்றையும் தெருமுனைக் கடைகளையும் சேர்த்தே சொல்கிறேன். ஃபோர்க்கைத் திறந்தால் எந்த எண்ணெய் எவ்வளவு ஊற்றப்பட்டது, குழாய் சோதிக்கப்பட்டதா, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று பில்லில் எழுதி, கழற்றிய சீலையும் பழைய பாகங்களையும் வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். கழிவு எண்ணெய் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது என்பதால், அதை மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் டின்னில் சேர்த்து உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இத்தனைக்கும் கூடுதலாக அரை மணி நேரக் கூலி கேட்டால் வாடிக்கையாளர்கள் பேரம் பேசாமல் கொடுப்பதுதான் நியாயம்.

மூன்றாவது போக்குவரத்துத் துறைக்கு. விபத்துக்குப் பின் வண்டியைப் பரிசோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் பிரேக்கின் நிலையைக் குறிப்பிடும் இடத்துக்கு அருகிலேயே, முன் ஃபோர்க் குழாய் நிமிர்த்தப்பட்டதா, வெல்டிங் உள்ளதா, எண்ணெய் இருந்ததா என்பதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். அந்த வரி நிரப்பப்படத் தொடங்கினால், பள்ளத்தின்மீது போடப்படும் பழியில் எவ்வளவு பங்கு பட்டறைக்கு உரியது என்பதை அரசே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை – 49.